ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே ஓர் இரைச்சல்

கீபோர்டை வீட்டிலேயே வைத்துப் பதிவு செய்யலாம் என்று இறங்குபவர்கள் எல்லோரும் ஒரு சத்தத்தைச் சந்தித்தே ஆக வேண்டும். கட்டையில் விரல் படாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஹெட்போனில் "உம்ம்ம்" என்று அடியில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அதே குரல். இதற்கு ஹம் என்று பெயர். 1978-இல் தபால் தந்தித் துறையில் சேர்ந்து, பி.எஸ்.என்.எல். ஆன பிறகு 2015-இல் ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தேழு வருடம் டெலிபோன் லைனில் இந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் அது வீடு தேடி வரும் என்று நினைக்கவில்லை.

வந்தது என் அக்காவால். அக்காவுக்கு இப்போது எழுபத்தாறு. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். ஆர்மோனியத்தில் ஆரம்பித்து, பிறகு கீபோர்டுக்கு மாறினார். வேலையில் இருந்த காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்காக அவரே மெட்டுப் போட்ட பாட்டுகள் இருபத்து மூன்று. மழைக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஒன்று என்று வரிசையாக இருக்கும். எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. எல்லாம் விரலில்தான் இருக்கின்றன. அந்த விரல்கள் இரண்டு வருடமாகக் காலையில் மடங்க மறுக்கின்றன. வெயில் ஏறி, வெந்நீரில் கையை வைத்து எடுத்த பிறகு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வாசிக்க வரும். "இருக்கிறதை எடுத்து வச்சிருடா தம்பி, அடுத்த வருஷம் எப்படியோ" என்றார். மறுக்க முடியுமா?

பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி அனுப்பினான். டிபன் பாக்ஸ் அளவு பெட்டி. கீபோர்டிலிருந்து வரும் ஒயரை ஒரு பக்கம் செருகி, மறுபக்கம் யு.எஸ்.பி. ஒயரை லேப்டாப்பில் செருகினால் பதிவு ஆகிவிடும். வீட்டிலேயே ஒலிப்பதிவு என்றால் நமக்கு ஏ.ஆர்.ரஹ்மான்தான் ஞாபகத்துக்கு வருவார். கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 1989-இல் அவர் அமைத்த பஞ்சதன் கூடத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1992-இல் 'ரோஜா' வந்தது. நாங்கள் அந்த அளவுக்கு ஆசைப்படவில்லை. சமயநல்லூர் வீட்டு ஹாலில் ஒரு மேஜை, ஒரு கீபோர்டு, ஒரு பழைய லேப்டாப். அவ்வளவுதான்.

முதல் பாட்டைப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். "என் சுருதி அஞ்சு கட்டை. இதுல பின்னாடி எவனோ அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல உக்காந்து ஆதாரம் பிடிக்கிறான். இதை வச்சுக்கிட்டு என்னால வாசிக்க முடியாது."

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் போய்வரும். அதனால் எழும் ஹம்மில் 50 ஹெர்ட்ஸும், அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் அழுத்தமாகக் கேட்கும். கீபோர்டில் ஐந்து கட்டை என்பது ஆங்கில 'ஜி'. கீழ் ஸ்தாயியில் அது 98 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டை ஏறக்குறைய 104 ஹெர்ட்ஸ். ஆக 100 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இடது கையால் அந்தக் கீழ் 'ஜி'யை அழுத்திப் பிடித்தால், அதுவும் ஹம்மும் உரசி நொடிக்கு இரண்டு முறை அலையடிக்கும். மீட்டர் எதுவும் இல்லாமல் காதாலேயே அக்கா அளந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் திண்டுக்கல் ரயில் பாதை. பதிவு நடக்கும்போது ரயில் போனது, ஹாரன் அடித்தது, நாய் குரைத்தது, சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இதில் எதுவும் பதிவில் இல்லை. காரணம், மைக்கே கிடையாது. கீபோர்டிலிருந்து சத்தம் மின்சாரமாக ஒயர் வழியே நேராகப் போகிறது. காற்றில் வரும் சத்தம் உள்ளே நுழைய வழியில்லை. ஆனால் காதுக்கே கேட்காமல் சுவருக்குள் ஓடும் கரண்டு நுழைந்துவிடுகிறது.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர், "ரயில் கம்பியில 25,000 வோல்ட் ஓடுது, பக்கத்துல எண்ணெய் மின் நிலையம் வேற, அப்புறம் இரைச்சல் வராம என்ன செய்யும்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2001-இல் வந்த 106 மெகாவாட் மின் நிலையம் எங்கள் ஊருக்கு ஓர் அடையாளம். ஆனால் குற்றவாளி வெளியில் இருக்கிறானா வீட்டுக்குள் இருக்கிறானா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, சோதித்தே பார்த்துவிடலாம். டெலிபோனில் பழுது பார்க்கிறபோதும் இதுதான் முறை. ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும், எதைப் பிரிக்கும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே நிற்க வேண்டும்.

முதலில் சத்தம் என்ன ஜாதி என்று பார்க்க வேண்டும். "ஸ்ஸ்ஸ்" என்று மணல் கொட்டுவதுபோல் இருந்தால் அது ஹம் இல்லை, பதிவுப் பெட்டியின் திருகாணியை அதிகமாகத் திறந்துவைத்திருக்கிறோம் என்று அர்த்தம். "ஜிர்ர்ர்" என்று கூர்மையாக வந்தால் ஃபேன் ரெகுலேட்டர், மட்டமான எல்.இ.டி. பல்பு போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். "டிக்கிடிக்கி டிக்கிடிக்கி" என்று விட்டுவிட்டு வந்தால் மேஜைமேல் கிடக்கும் செல்போன். "உம்ம்ம்" என்று ஒரே சீராக, அடித்தொண்டையில் வந்தால்தான் ஹம்.

அடுத்து, கீபோர்டின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனேன். ஹம் அப்படியே இருந்தது. கீபோர்டு உருவாக்கும் சத்தம் அல்ல, அதற்குப் பிறகு வழியில் ஏறுகிறது என்று தெரிந்தது. பிறகு லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். முக்கால்வாசிச் சத்தம் போய்விட்டது. கீபோர்டின் அடாப்டரையும் பிடுங்கி, அடியில் ஆறு பேட்டரி செல் போட்டேன். ஹெட்போனுக்குள் அமைதி, வைகை அணைக்குள் இறங்கி நின்ற மாதிரி. ரயில் கம்பி அங்கேயேதான் இருந்தது, மின் நிலையமும் அங்கேயேதான். ஆகவே வழி நம் வீட்டுச் சுவரில்தான்.

ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டியவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கீபோர்டு செல்லில், லேப்டாப் தன் பேட்டரியில். இதைவிடச் சுலபமான மருந்து கிடையாது. எங்கள் லேப்டாப்பின் பேட்டரி இருபது நிமிடத்தில் படுத்துவிடும். அக்காவின் விரலோ இளகி வரவே அரை மணி ஆகும். அதனால் மேலே போக வேண்டியிருந்தது.

சார்ஜரை மறுபடி செருகிய பிறகு லேப்டாப்பின் உலோக மூடியைப் புறங்கையால் லேசாகத் தடவினேன். சுர்ர் என்றது. ஷாக் என்று சொல்ல முடியாது, எறும்பு ஊர்வதுபோல. கையை வைத்தால் ஹெட்போனில் ஹம்மின் குரலும் மாறியது. உங்களில் பலர் வீட்டில் இதைக் கவனித்திருப்பீர்கள், "லேப்டாப்னா அப்படித்தான்" என்று விட்டிருப்பீர்கள். மூன்று முள் சார்ஜராக இருந்தும் அப்படிச் சுர்ரென்றால், மூன்றாவது முள் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். சார்ஜருக்குள் இருக்கும் சின்ன வடிகட்டியிலிருந்து கசியும் துளி மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது கிடைத்த வழியில் போகும். எங்கள் வீட்டில் கிடைத்த வழி, அக்காவின் கீபோர்டு ஒயர்.

இதற்குள் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடும் தம்பி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, எர்த் முள்ளை ஒடிச்சு விட்டுருங்க, ஹம் ஓடிப்போயிரும். நாங்கல்லாம் அப்படித்தான் செய்வோம்" என்றார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இரண்டு கருவிகள் இரண்டு இடத்தில் எர்த்தைத் தொட்டு, நடுவில் ஆடியோ ஒயராலும் இணைந்திருந்தால் ஒரு வளையம் உண்டாகும். அந்த வளையத்தில் சுற்றும் மின்சாரமே ஹம்மாகக் கேட்கும். ஒரு முள்ளை ஒடித்தால் வளையம் அறுந்து சத்தம் நிற்கும். ஆனால் அதோடு வேறொன்றும் அறுந்துவிடும். பிளக்கில் அந்த ஒரு முள்ளை மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் வைத்திருக்கிறார்கள்? செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. என்றைக்காவது உள்ளே ஒயர் உரிந்து உலோக உடம்பில் பட்டால், மின்சாரம் அந்த முள் வழியாக மண்ணுக்குப் பாய்ந்து ஃபியூஸைப் போக்கும். முள் இல்லாவிட்டால், தொடுகிற ஆள் வழியாகப் பாயும். சத்தத்தை நிறுத்த ஆயிரம் வழி உண்டு, இது மட்டும் வழியில்லை. தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் தினமும் ஈரத் தரையிலும் சாமியானா இரும்புக் கம்பத்துக்கு நடுவிலும் வேலை செய்கிறவர். எனக்கு அவரை நினைத்துத்தான் அதிகக் கவலை.

மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ஹால் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். பச்சை ஒயர் உள்ளே வந்திருந்தது. நுனிகூடச் சீவப்படாமல், சுருட்டி மூலையில் செருகப்பட்டிருந்தது. வீடு கட்டிய 1996-லிருந்து அந்த பிளக்கின் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம்தான்! அதே போர்டிலிருந்துதான் ஃபிரிட்ஜுக்கும் லைன் போகிறது. கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் குளித்த ஈரக்காலோடு ஓடிவந்து ஐஸ் வாட்டருக்குத் திறக்கும் அதே இரும்புக் கதவு. இத்தனை வருடம் அந்த ஃபிரிட்ஜுக்குள் ஓர் ஒயரும் உரியாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பச்சை ஒயரை இணைத்தார். அடுத்து எர்த் குழிக்குப் போனோம். கொல்லையில் குழாயைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எர்த் வேலை செய்ய ஈரம் வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்தில் கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினார்கள். சித்திரை வெயிலில் வாரத்துக்கு ஒரு முறையாவது நாலு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூச்செடிக்கு ஊற்றுகிறோம், இதற்கு ஊற்றுவதில்லை. கையோடு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மொத்த லைனையும் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயின் போர்டில் மாட்டச் சொன்னேன்.

வந்து கேட்டால் ஹம் கால்வாசிதான் இருந்தது. லேப்டாப்பின் சுர்ர் அடியோடு போய்விட்டது. அக்கா ஹெட்போனை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் போகலை. தூரத்துல நிக்கிறான்" என்றார்.

மிச்சத்துக்கு ஒயரைப் பார்த்தேன். ஐந்து மீட்டர் நீளம், அதில் பாதி ஸ்டெபிலைசருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. ஸ்டெபிலைசருக்குள் டிரான்ஸ்ஃபார்மர். அதைச் சுற்றி எப்போதும் காந்தப்புலம் இருக்கும், பக்கத்தில் கிடக்கும் ஒயரில் அது தன் பாட்டைப் பாடிவிடும். ஒன்றரை மீட்டர் ஒயராக மாற்றினேன். மேஜையை எதிர்ச் சுவருக்குத் தள்ளினேன். கரண்டு ஒயரும் ஆடியோ ஒயரும் பக்கம் பக்கமாக ஓடாமல், குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறிபோலக் குறுக்கிடச் செய்தேன். லேப்டாப், கீபோர்டு இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன். இன்னும் குறைந்தது.

கடைசிச் சொச்சத்துக்கு மருந்து என் பழைய தொழிலிலேயே இருந்தது. ஆதியில் டெலிபோனுக்கு ஒற்றைக் கம்பிதான். திரும்பி வரும் வழியாக மண்ணையே வைத்துக்கொண்டார்கள். டிராம் வண்டியும் மின்விளக்கும் வந்த ஊர்களில் அந்த ஒற்றைக் கம்பி எல்லா இரைச்சலையும் வாங்கிக்கொண்டது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் இரண்டு கம்பிகளை முறுக்கி ஜோடியாக விடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பேச்சு இரண்டு கம்பியிலும் எதிரெதிராகப் போகும். வெளி இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் தானே அடிபட்டு, பேச்சு மட்டும் நிற்கும். நாங்கள் கம்பத்தில் ஏறி லைன் போட்ட நாளில், குறிப்பிட்ட கம்பங்களுக்கு ஒரு முறை இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டுவோம். அதுவும் இதே முறுக்குதான், மைல் கணக்கில்.

சாதாரணக் கீபோர்டு ஒயருக்கு இந்த ஜோடி வசதி கிடையாது. அதை ஜோடியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டிக்கு டி.ஐ. பாக்ஸ் என்று பெயர், இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். மின்சாரம் தேவைப்படாத வகையாக வாங்கினேன். திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். எக்ஸ்சேஞ்சில் நான் ஆயிரக்கணக்கில் பார்த்த அதே உருவம், பழைய சகாவை ரயிலில் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு சுருளுக்கும் நடுவே உலோகத் தொடர்பே கிடையாது. பாட்டு காந்தமாகத் தாண்டும், கசிவு மின்சாரத்துக்கு ஏற வழியில்லை. காருக்கு விற்கும் மலிவான ஐசொலேட்டரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதில் கீழ் ஸ்தாயி மெலிந்துபோக வாய்ப்புண்டு.

இரண்டு குறிப்புகள். கீபோர்டின் ஹெட்போன் ஓட்டையில் இடது, வலது என்று இரண்டு சத்தம் வரும். அதை ஒரே ஸ்டீரியோ ஒயரில் பதிவுப் பெட்டியின் ஒரே ஓட்டைக்குக் கொண்டுபோனால், பெட்டி ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்துவிடும், பாட்டு சக்கையாகக் கேட்கும். இரண்டாகப் பிரியும் ஒயரை வாங்குங்கள். இன்னொன்று, கீபோர்டின் வால்யூமை முக்காலுக்கு வைத்து, பெட்டியின் திருகாணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாட்டு பலமாகப் புறப்பட்டால், வழியில் ஏறும் இரைச்சல் அதன் முன் சிறுத்துவிடும்.

"கம்ப்யூட்டர்லயே ஹம்மை எடுக்கலாமே" என்று அக்கா மகன் கேட்டான். எடுக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், வெறும் ஹம் மட்டும் இருக்கும் இரண்டு விநாடியைக் காட்டினால் மீதி இடத்திலும் அதைத் தேடி அழிக்கும். ஆனால் அழுத்தித் துடைத்தால் பாட்டு தண்ணீருக்கடியில் வாசித்தாற்போல் ஆகிவிடும். அக்காவின் ஆதார சுருதியே ஹம்முக்குப் பக்கத்து வீடு. துடைக்கும்போது அதுவும் தேய்ந்துபோகும். வெள்ளைச் சட்டையில் கறை விழாமல் பார்ப்பதும், விழுந்த கறையைத் தேய்த்து எடுப்பதும் ஒன்றல்ல.

கரண்டு போன நேரத்தில் பதிவு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வகை இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் வழவழப்பான அலை இல்லை, படிக்கட்டு மாதிரி. ஹம் போய் "ஜிர்ர்" வந்துவிடும்.

இத்தனைக்கும் ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு அக்கா உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம் என்று பேச்சு. ஏழாம் வாய்ப்பாட்டுப் பாட்டை மட்டும் நாலு முறை வாசித்தார், நாற்பத்தொன்பதில் விரல் வழுக்கியது. பதினேழு பாட்டு வந்தன. மூன்றுக்கு மெட்டு பாதிக்கு மேல் நினைவில் இல்லை. மூன்றுக்கு விரல் எட்டவில்லை, அவற்றை வாயால் பாடச் சொல்லி செல்போனில் எடுத்துக்கொண்டேன். அதில் ரயில் ஹாரனும் இருக்கிறது, ஃபேனும் இருக்கிறது. அவற்றை அழிக்கப் போவதில்லை.

பதிவை முழுசாகக் கேட்டு முடித்ததும் அக்கா பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஃபிரிட்ஜுக்கும் சேத்து எர்த் போட்டாச்சுல்ல?" என்று மட்டும் கேட்டார். போட்டாச்சு என்றேன்.

உங்கள் வீட்டில் கீபோர்டு இல்லாமல் இருக்கலாம், பதிவு செய்யும் எண்ணமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் லேப்டாப் மூடி சுர்ரென்கிறதா, ஃபிரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின், கிரைண்டர் எதையாவது தொட்டால் எறும்பு ஊர்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் நாளைக்கே ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது ஓட்டையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டில் பாடத் தெரிந்த, வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், ஹம் இருக்கிறதோ இல்லையோ, இந்த வாரமே பதிவை ஆரம்பித்துவிடுங்கள். ஹம்மைப் பிறகு விரட்டிக்கொள்ளலாம்.